வராத பாதிப் புலி

பழைய சீனத்தில், லுவான் என்று ஒரு சின்ன நாடு. அதன் வடக்கு எல்லையில் ஒரு கணவாய், கணவாயில் ஒரு கோட்டை, கோட்டையில் முந்நூறு வீரர்கள். அவர்களுக்குத் தளபதி குவோ லியே. வயது அறுபத்து மூன்று. அவர் உடம்பில் தழும்பில்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடது காதில் பாதிதான் மிச்சம். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அரசர் கேட்டிருந்தால் மிச்சமிருந்த காதையும் அறுத்துக் கொடுத்திருப்பார்.

சங்கடம் என்னவென்றால், கேட்பதற்கு அரசர் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன்பே தலைநகரம் எரிந்து போயிற்று. அரசரும் அந்த நெருப்பிலேயே போய்விட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. வென்றவர்கள் தெற்கு வழியாக வந்து நாட்டைப் பிடித்தார்கள். வடக்கே ஒரு கணவாய் இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். யாருமே வராத பாதையை முந்நூறு பேர் கண் கொட்டாமல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் ஒரு வெண்கலப் புலி. அந்தக் காலத்தில் படைக்குக் கட்டளை போட அரசரின் வாய்ச்சொல் மட்டும் போதாது. உள்ளங்கை அளவில் ஒரு வெண்கலப் புலியை வார்த்து, தலையிலிருந்து வால்வரை இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி அரசரிடம் இருக்கும், மறுபாதி தளபதியிடம். தூதன் கொண்டுவரும் பாதி தளபதியின் பாதியோடு பொருந்தினால்தான் கட்டளை செல்லும். இல்லாவிட்டால் தூதனின் தலை தங்காது.

குவோ லியேயின் பாதி அவர் கழுத்தில் தொங்கியது. மற்ற பாதி வரவே இல்லை. ஆகவே, அவரைப் பொறுத்தவரை, போர் முடியவில்லை, படை கலையவில்லை. "மறுபாதி வரட்டும்" என்பார். ஏழு வருடமாக அதே பதில்தான். பல வீரர்களுக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது.

அப்படியிருக்கும்போது ஷென் பூ விடுப்புக் கேட்டான். முப்பது வருடமாகத் தளபதியின் கூடவே இருப்பவன். அண்ணன் இறந்துவிட்டதாகவும், தினைக்கொல்லையை உழ வீட்டில் ஆண்துணை இல்லை என்றும் அவனுக்குச் செய்தி வந்திருந்தது. விதைக்காவிட்டால் வீட்டில் எல்லோரும் பட்டினிதான். தளபதி வழக்கமான பதிலைச் சொன்னார். ஷென் பூ தலையாட்டினான். மறுநாள் காலையில் ஆளைக் காணோம்.

பதினோராம் நாள் விடியும்போது அவனே திரும்பி வந்தான். கோட்டை வாசலில் காவலுக்கு நின்றவர்கள் அவனைக் கண்டதும் பதறிப்போய், திரும்பி ஓடிவிடு என்று கையாலும் கண்ணாலும் சாடை காட்டினார்கள். அவன் சட்டை செய்யாமல் நேரே தளபதி முன் போய் நின்று, உழுது விதைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னான். விரல் இடுக்கில் மண் இருந்தது. திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? போர்க்காலத்தில் மூன்று நாளுக்கு மேல் அனுமதியில்லாமல் போனவனுக்குத் தலைவெட்டு. அந்தச் சட்டத்தைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படித்துக் காட்டுவதே அவன்தான்.

தளபதி தலைவெட்டுக்கு மறுநாள் சூரிய உதயத்தைக் குறித்தார். குறித்துவிட்டு அன்று நண்பகலில் தன் பழைய தேரை ஓட்டிக்கொண்டு அடிவாரத்துக்குப் போனார்.

அடிவாரத்தில் ஒரு பாழடைந்த கோயில். அங்கே சூ யுவான் என்ற பெண் துறவி தனியாக இருந்தார். வயது நாற்பதுக்கு மேல் போகாது. தளபதி மூன்று வருடமாக அவருக்குச் சீடர். முழுக் கவசத்தோடு ஒரு கிழவர், மகள் வயதுப் பெண்மணியின் முன் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தளபதி அதைக் கண்டுகொள்வதில்லை. பௌர்ணமிதோறும் வருவார், ஒரு கேள்வி கேட்பார், பதிலைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அன்று பௌர்ணமி இல்லை. முறத்தில் அவரை விதை புடைத்துக்கொண்டிருந்த சூ யுவான் நிமிர்ந்து பார்த்தார்.

"கேள்வி அவசரமோ?"

"ஆமாம் குருவே. பிரியமான ஒருவனைக் கொல்ல வேண்டியிருக்கிறது. மனம் ஆடாமல் செய்வது எப்படி?"

சூ யுவான் முறத்தைக் கீழே வைத்தார். யார், என்ன என்று விசாரித்தார். தளபதி எதையும் பூசி மெழுகாமல் சொன்னார், தினைக்கொல்லை உட்பட. விரல் இடுக்கில் இருந்த மண்ணைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இடறியது.

"இந்தக் கணவாய்க்கு உங்களை அனுப்பிய நாள் நினைவிருக்கிறதா?" என்று கேட்டார் சூ யுவான்.

நினைவில்லாமல் போகுமா? தளபதியின் முகமே மாறிவிட்டது. முப்பது வருடத்துக்கு முந்தைய மழை நாள் அது என்றார். தளபதியைப் போருக்கு அனுப்பும்போது அரசர் தன் கையாலேயே தேர்ச்சக்கரத்தைத் தள்ளிவிடுவது வழக்கம். மற்ற அரசர்கள் பேருக்குத் தொட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். அவருடைய அரசரோ சேற்றில் மண்டியிட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினார். பட்டு அங்கி முழங்கால்வரை சேறாகிவிட்டது. அப்போது அரசருக்கு இருபது வயதுதான். இதைச் சொல்லும்போது அந்தக் கிழவர் சிரித்தார். பார்க்கவே நன்றாக இருந்தது.

"தள்ளும்போது என்ன சொன்னார்?"

"எல்லா அரசர்களும் சொல்வதுதான். 'நகர வாசலுக்கு உள்ளே நான் முடிவெடுப்பேன். வாசலுக்கு வெளியே முடிவெடுப்பது நீங்கள்.'"

"கோட்டை இருப்பது வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா?"

தளபதி முறத்திலிருந்த விதைகளைப் பார்த்தார்.

"நாளைக் காலை தலையை வெட்டச் சொல்வது யார்?"

"சட்டம்."

"அரசர் சட்டத்தின் தேரையா தள்ளிவிட்டார்?"

குவோ லியேக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குருவின் எதிரில் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஒருவனை விட்டால் எல்லோரையும் விட வேண்டும் என்றார். முந்நூறு பேரும் வீட்டுக்குப் போனால் கோட்டை காலி. கோட்டை காலியானால் காத்திருக்க ஆள் இல்லை என்று ஆகிவிடும். காத்திருக்க யாருமே இல்லையென்றால்...

அந்த இடத்தில் நின்றுவிட்டார். பாதிக் காது சிவந்திருந்தது.

"சொல்லுங்கள்" என்றார் சூ யுவான்.

"அவர் செத்துப்போனதாக ஆகிவிடும்."

இந்த மனிதரைப் பார்க்க சூ யுவானுக்குப் பாவமாக இருந்தது. மூன்று வருடமாக ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தவர், கேட்க வந்தது இதைத்தான். பிறகு, அரசருக்காக எப்போதாவது துக்கம் காத்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

தளபதி இல்லை என்று தலையசைத்தார். அதற்கும் ஒரு முறை உண்டு. அரசர் இறந்தால் அரண்மனையிலிருந்து தூதன் வருவான். வெறுங்காலோடு, அவிழ்த்த கூந்தலோடு, வாசலில் நின்று சாவுச் செய்தியை மூன்று முறை சொல்வான். அதைக் கேட்ட பிறகுதான் படை துக்கம் காக்கலாம். அதுவரை அழுவதுகூட ஒழுங்கீனம். தூதன் வரவில்லை. எரிந்துபோன அரண்மனையிலிருந்து யார் வரப்போகிறார்கள்? குவோ லியேயும் ஏழு வருடமாக அழவில்லை.

சூ யுவான் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைச் சணல் துணி இருந்தது. அதைப் படியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். தளபதியைக் கடந்து கோயில் வாசலுக்கு வெளியே போய், பாதையில் முப்பது அடி நடந்து, திரும்பினார்.

தளபதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"வேண்டாம், குருவே."

சூ யுவான் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்து வாசலில் நின்றார்.

"லுவான் நாட்டு அரசர் இறந்துவிட்டார்."

"உங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. பாதிப் புலி எங்கே?" தளபதியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிருந்தது. "அதைக் காட்டாமல் இந்த வாசலில் யாரும் கட்டளை சொல்லக் கூடாது."

"இது கட்டளை இல்லை, தளபதியாரே. செய்தி."

தளபதியின் கை புலியின் மேலிருந்து நழுவியது.

"லுவான் நாட்டு அரசர் இறந்துவிட்டார்" என்றார் சூ யுவான், இரண்டாம் முறையாக. மூன்றாம் முறை சொல்லும்போது, அருகில் வந்து, வீட்டுப் பெரியவரிடம் சாவைச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்.

குவோ லியே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதது பெரிய சத்தமாக இல்லை. அழுது பழக்கமில்லாதவர், மூச்சு எங்கே விடுவது என்றே தெரியாமல் திணறினார். சேற்றில் மண்டியிட்ட அந்த இருபது வயதுப் பையனைச் சொல்லிச் சொல்லி அழுதார். தான் போயிருக்க வேண்டிய நெருப்பு அது என்றார். சூ யுவான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேர்க்குதிரை கோயில் முற்றத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

வெயில் கொஞ்சம் சாய்ந்தபோது தளபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு சணல் துணியை எடுத்தார். துக்கத் துணியை உடம்போடு உடுத்த வேண்டும். கவசத்தின் மேல் போடக் கூடாது. ஆகவே கவசத்தைக் கழற்றப் பார்த்தார். தோல்வார்களை இடக் கையால் இழுத்தார். வலது அக்குளுக்குப் பின்னால் இருந்த முடிச்சு கைக்கு எட்டவில்லை. வலது கை மேலே போகவில்லை. மூன்று தடவை முயன்றார், மூச்சுத்தான் வாங்கியது.

"கொஞ்சம் அவிழ்த்துவிடுங்கள், குருவே."

சூ யுவான் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். முடிச்சின் மேல் முடிச்சாக, வார் நுனி வெளியே தெரியாதபடி, இறுக்கமாக உள்ளே செருகிக் கட்டியிருந்தது. அவர் விரலால் அதைத் தொட்டார். இழுக்கவில்லை.

"யார் கட்டியது இது?"

தளபதி துணியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ஷென் பூ. இந்தத் தோள் வெட்டுப்பட்ட நாளிலிருந்து அவன்தான் கட்டுவான். குதிரையிலிருந்து விழுந்தாலும் அவிழாத முடிச்சு. வேறு யாருக்கும் வராது. அவன் இல்லாத பத்து நாளும் நான் கவசமே போடவில்லை."

"இன்று காலையில்?"

"இன்றும் அவன்தான். சிறைக் கொட்டடியிலிருந்து கூட்டி வந்தார்கள். கட்டிவிட்டுத் திரும்பப் போய்விட்டான்."

"நாளைக்கு என்ன நடக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். அதற்கு முன்பே சொல்லிவிட்டேன்."

"கட்டும்போது ஏதாவது பேசினாரா?"

தளபதி துணியை மடித்துப் படியில் வைத்தார்.

"தோள் வலிக்கிறதா என்று கேட்டான். குளிர்காலம் வருகிறது, யாராவது ஒருவனுக்கு இந்த முடிச்சைச் சொல்லிக்கொடுக்கட்டுமா என்றான். நான் வேண்டாம் என்றேன்."

சூ யுவான் கூந்தலை முடிந்துகொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய், குதிரையைப் பிடித்துத் தேரில் பூட்டினார். தளபதி ஏறி நின்றார். கடிவாளத்தைக் கையில் பிடித்திருந்தாரே தவிர, குதிரையைத் தட்டவில்லை.

"அவனிடம் போய் நான் என்ன சொல்வது, குருவே?"

சூ யுவான் மடித்த சணல் துணியை அவர் கையில் கொடுத்தார்.

"முடிச்சை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்."