மந்திரி ஊற்றிய தண்ணீர்

முன்னொரு காலத்தில் பாழியூர் நாட்டை அதிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் வேறொன்று கேட்பான். மழைக்கு ஒரு மாதம் இருக்கையில், வறண்ட ஏரியில் புதிதாகக் கட்டிய மதகைப் பார்க்கப் போனான். சுவரில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல்!

கட்டியவள் சுண்ணாம்பு சுடும் காளவாய் வைத்திருந்த வெள்ளாயி. கட்டட மந்திரி கருணாகரருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நாடு முழுக்க அவர் சொன்னபடி சுண்ணாம்பைச் சலித்துத்தான் காரை குழைப்பார்கள். இவளோ சலிக்காமல், சுட்ட சுண்ணாம்பைச் செங்கல் தூளோடு சுடச்சுடக் கலந்திருந்தாள்.

“மகாராஜா, காரையில் பட்டாணி பட்டாணியாக வெள்ளைக் கட்டி. சலிக்கக்கூடச் சோம்பல். சுவரை இடித்து, இவள் காளவாயையும் மூடிவிடலாம்,” என்றார் மந்திரி.

அந்தக் காளவாய்தான் வெள்ளாயியின் பிழைப்பு. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

“அந்தக் கட்டியை வேணும்னேதான் விட்டேன் ராஜா. தண்ணி பட்டா சுவரு தன் காயத்தைத் தானே ஆத்திக்கும். இருபது நாள் குடுங்க. ஆறலைன்னா நானே காளவாயை மூடிடுறேன்.”

“யாரும் பார்க்காதபோது இவளே பூசிவிடுவாள்,” என்றார் மந்திரி.

“அப்போ மந்திரி ஐயாவே காவல் இருக்கட்டும். தண்ணியும் அவர் கையாலயே ஊத்தட்டும்.”

ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. “அப்படியே ஆகட்டும்,” என்றான்.

தண்ணீர் குறைந்ததால்தான் ஆறவில்லை என்று அவள் சாக்குச் சொல்லிவிடக் கூடாதே! மந்திரி மூன்று வேளையும் குடம் குடமாக ஊற்றினார். ஏழாம் நாள் விரிசலுக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. நகத்தால் சுரண்டினார், வரவில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இருபதாம் நாள் ராஜாவே ஒரு குடம் ஊற்றினான். சொட்டுக்கூடக் கசியவில்லை. விரிசல் இருந்த இடம் கல்லாகியிருந்தது.

“கட்டியில இருந்த சுண்ணாம்பு தண்ணியில கரைஞ்சு, விரிசல்ல போய் இறுகிடுச்சு,” என்றாள் வெள்ளாயி.

“இதற்கு மேலும் உண்டா?” ராஜா குழந்தைபோலக் கேட்டான்.

“நிறைய இருக்கு ராஜா. உள்ள இரும்புக் கம்பி வச்சு, காரையை மாவு மாதிரி ஊத்தி, முழு மாளிகையவே வார்க்கலாம். காளவாய்க்காகக் காட்டை வெட்டி எரிக்காம காரை செய்யவும் ஒரு வழி இருக்கும். அது மட்டும் இன்னும் எனக்குக் கைவரல.”

“இன்றுமுதல் நீதான் கட்டட மந்திரி. கருணாகரரே, நீர் ஊரைவிட்டே போகலாம்.”

“அவரை அனுப்பிடாதீங்க ராஜா,” என்றாள் வெள்ளாயி. “புதுச் சுவருக்குத் தண்ணிதான் உயிரு. ஒரு வேளை தப்பாம ஊத்துற ஆளு இந்த நாட்டுலயே இவர் ஒருத்தர்தான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்து அடங்கியபோது, கருணாகரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த மதகுக்கு நடந்துகொண்டிருந்தார்.