கிளையில் விட்ட இடம்

குளத்தங்கரைக் காட்டில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இருந்தது. பகல் முழுக்கச் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும். ஓயாமல் கத்தும். ஒன்று கத்தினால் போதும், என்ன ஏது என்று கேட்காமல் மற்றதெல்லாம் சேர்ந்து கத்தும்.

பொழுது சாய்ந்தால் அத்தனையும் உசிலை மரத்துக்கு வந்துவிடும். ஒரே கிளை, ஒரே வரிசை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும். பெரியவர்கள் இரண்டு ஓரத்திலும், குஞ்சுகள் நடுவிலும். வரிசைக்குள் ஒரு விரல்கடை இடம் விடக் கூடாது. இடம் விட்டால் காற்று நுழையும். காற்று நுழைந்தால் குஞ்சுகளுக்கு ஆகாது. அந்தக் கூட்டத்துக்கு அது ஒன்றுதான் சட்டம்.

அந்தக் கூட்டத்தில் தொண்டையன் என்று ஒருவன். கதை சொல்வதில் மகா கெட்டிக்காரன். அவன் கதை சொன்னால் குஞ்சுகள் வாயில் வைத்த புழுவை விழுங்க மறந்துவிடும்.

அவனுக்கு இரண்டு அக்காமார். மூத்தவள் முள்ளி. மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். இளையவள் செவந்தி. செவந்திக்கு ஒரே குஞ்சு, பெயர் கடுகு. கடுகு முட்டையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். அம்மாதான் அவளுக்கு எல்லாம்.

புரட்டாசியில் முதல் மழை பெய்தது. ஓடைக்கரையில் ஒரு கரையான் புற்று இருந்தது. மழை விட்டால் அதிலிருந்து ஈசல் பொலபொலவென்று கிளம்பும்.

"புத்து எங்களுது!" என்றது இக்கரைக் கூட்டம்.

"யாரு சொன்னது? எங்க பாட்டன் காலத்துலேருந்து எங்களுது!" என்றது அக்கரைக் கூட்டம்.

அவர்களும் தவிட்டுக்குருவிகள்தான். அதே மஞ்சள் மூக்கு, அதே சத்தம். வாய்ச்சண்டை கொத்துச்சண்டை ஆனது. குஞ்சுகளைக் காரைப் புதருக்குள் ஒளித்துவிட்டுப் பெரியவர்கள் எல்லாரும் போனார்கள். அரைநாள் சண்டை. அதற்குள் ஈசல் எல்லாம் பறந்து போயே போய்விட்டது. ஒருத்தர் வாயிலும் ஒன்றுகூட விழவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாகத் தொண்டையன் வந்தான். செவந்தி வரவில்லை.

"மாமா! அம்மா எங்கே?" என்று கடுகு ஓடி வந்தாள்.

முள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொண்டையன் அந்தச் சின்னக் கண்களைப் பார்த்தான். செருமிக்கொண்டான். செருமியதும் கதைதான் வந்தது.

"உங்க அம்மாவா? அடேயப்பா, அவ போட்ட போடு இருக்கே! அக்கரைக்காரனுங்க விட்டாப் போதும்னு ஓடினானுங்க. அம்மா விடுவாளா? துரத்திக்கிட்டே போயிட்டா, மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும்!"

"எப்போ வருவா?"

"துரத்தி முடிச்சதும் வருவா!"

குஞ்சுகள் குதித்தன. கடுகு எல்லாரையும்விட உயரமாகக் குதித்தாள். 'நல்ல முடிவு' என்று தொண்டையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்றைக்கு வரிசையில் உட்காரும்போது கடுகு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்திருந்த துவரை என்ற குஞ்சு ஒட்டிக்கொள்ள வந்தது.

"தள்ளிப் போ! இது அம்மா இடம்! களைச்சுப் போய் வருவா, என் பக்கத்துலதான் உட்காருவா."

உள்ளதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அதன் பிறகு தினமும் அந்திக்கு அந்தக் கதைதான். நாளுக்கு நாள் கதை கொழுத்தது. செவந்தி ஒரு கொத்தில் மூன்று பேரை உருட்டினாள். ஒரு பருந்தையே மிரட்டினாள். குஞ்சுகள் சருகுக்குள் புரண்டு சண்டை விளையாடின.

"நீ செத்துட்டே!" என்றது ஒன்று.

"அதனால என்ன? மலைக்கு அந்தப் பக்கம் போய்ட்டு வந்துடுவேன்!" என்றது துவரை. "நாளைக்கு நாமளே அக்கரைக்குப் போய்ச் சண்டை போடுவோமா?"

தொண்டையன் அதைக் கேட்டான். ஏதோ சுருக்கென்றது. ஆனாலும் கதையை நிறுத்தவில்லை.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. ஊதல் காற்று குளத்தைத் தாண்டி வந்து நேரே அந்த இடைவெளிக்குள் புகுந்தது. துவரைக்குத் தும்மல் கண்டது. கடுகு இரவெல்லாம் வெடவெடவென்று நடுங்கினாள். இறகை உப்பிக்கொண்டாலும் சூடு தங்கவில்லை. யாராவது அந்த இடத்தில் கால் வைத்தால் போதும், ஓங்கிக் கொத்துவாள்.

"ஏண்டா தொண்டையா!" முள்ளி தம்பியை ஓடைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அந்தப் பிள்ளை உடம்பைப் பார்த்தியா? எலும்பும் தோலுமா இருக்கு. இப்படியே போனா அதையும் வாரிக் கொடுத்துட்டு நிக்கணும். உன் வாயாலதாண்டா அத்தனை குளிரும்!"

"நான் என்னக்கா பண்ணேன்? பிள்ளை சிரிக்கட்டுமேன்னு சொன்னேன்."

"சிரிச்சது போதும். உள்ளதைச் சொல்லு."

"பிள்ளைங்க கதைக்கு அழுகை முடிவு எதுக்குக்கா? நாம பட்டது பத்தாதா? அதுங்களும் படணுமா?"

"நீ சொல்ல மாட்டே. சரி, நானே சொல்றேன்!"

அந்திக்கு முள்ளி குஞ்சுகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சொல்லவும் சொன்னாள். எங்கே கொத்து விழுந்தது, எவ்வளவு இரத்தம் வந்தது, யாருக்குக் கண் போனது, ஒன்றையும் விடவில்லை.

"செவந்தி செத்துப் போய்ட்டா. செத்தவங்க வர மாட்டாங்க. சண்டைன்னா அதான். தெரிஞ்சுக்கோங்க!"

சொல்லிவிட்டு விசுக்கென்று பறந்து போய்விட்டாள். அவளும் பாவம். தங்கச்சியை நினைத்து அழ அவளுக்கு ஒரு மறைவிடம் வேண்டியிருந்தது. ஆனால் குஞ்சுகளுக்கு அது எப்படித் தெரியும்? அவை கிடுகிடுத்துப் போயின. மறுநாள் காலையில் ஒன்றுகூட இரை தேடத் தரையில் இறங்கவில்லை. சருகு அசைந்தால் அலறின. துவரை, "அக்கரைக்காரங்க வராங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தது.

கடுகு மட்டும் அழவில்லை, அலறவில்லை.

"பெரியம்மா பொய் சொல்றாங்க! மாமா கதையில அம்மா வருவா!"

அன்று சாயங்காலம் அவள் வரிசைக்கே வரவில்லை. அம்மா வரமாட்டாள் என்று சொல்கிறவர்கள் அம்மா இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டால்? எல்லாரையும் விட்டுத் தள்ளி, கிளையின் நுனிக்குப் போனாள். தனக்கு ஓர் இடம், பக்கத்தில் அம்மாவுக்கு ஓர் இடம். மழை சாய்வாக அடித்தது. நுனிக்கிளை மேலும் கீழும் ஆடியது.

தொண்டையன் நுனியை நோக்கி நகர்ந்து போனான். பார்த்தான். குஞ்சு நனைந்து ஊறிப் போயிருந்தது. கண் பாதி மூடிக் கிடந்தது. கால் விரல்கள் கிளையை இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா அதன்மேல் கிடந்தன. ஒரு பெருங்காற்று அடித்தால் போதும்.

"கடுகு, வாடி கண்ணு, வரிசைக்கு வா."

"மாமா..." குரல் மெலிந்து வந்தது. "உங்க கதையில அம்மா வர இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

தொண்டையன் வாயைத் திறந்தான். 'நாளைக்கே' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே இங்கேயே உட்கார்ந்திருப்பாள். விடிவதற்குள் கீழே கிடப்பாள்.

அப்போதுதான் அவனுக்குத் தன்னைப் பற்றியே ஒன்று விளங்கியது. அந்த நல்ல முடிவைப் பிள்ளைக்காகவா சொன்னான்? தினமும் அந்திக்கு அக்கா கதையில் மலைக்கு அப்பால் பறந்துகொண்டிருந்தால் அவனுக்கல்லவா தூக்கம் வந்தது!

அவன் கடுகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அம்மா இடத்தில் உட்காரவில்லை. கடுகுக்கு மறுபக்கம், மழை அடிக்கிற பக்கம் உட்கார்ந்தான்.

"கண்ணு, அந்தக் கதையோட கடைசியை மாமா மாத்திச் சொல்லிட்டேன். பெரியம்மா சொன்னது நிசம். அம்மா செத்துப் போய்ட்டா. வர மாட்டா."

கடுகு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பார்த்தேன். அவ ஓடைக்கரைக் கள்ளிப் புதருக்குக் கீழே விழுந்தா. நான் அவகூடவே இருந்தேன். அதான் அன்னைக்குக் கடைசியா வந்தேன்."

"அம்மா என்ன சொன்னா?"

கதைக்காரன் அல்லவா, அருமையான கடைசிச் சொல் ஒன்று அவனுக்கு உடனே தோன்றியது. யார் கேட்டாலும் உருகிவிடுவார்கள். அதை அப்படியே விழுங்கினான்.

"ஒண்ணும் சொல்லலைடா. அவளால முடியலை. மூச்சு வாங்கிச்சு, அவ்வளவுதான்."

"நீங்க எங்கே உட்கார்ந்திருந்தீங்க?"

"பக்கத்துல."

"தள்ளியா, ஒட்டியா?"

"ஒட்டித்தான்."

"அப்போ அம்மாவுக்குக் குளிரலையே?"

"குளிர விடலைடா தங்கம். மூச்சு அடங்குற வரைக்கும் என் றெக்கை அவ மேலதான் இருந்துச்சு."

"யாரு அம்மாவைக் கொத்தினது?"

"அக்கரைக்காரி ஒருத்தி. அவளும் அன்னைக்கே அங்கேயே விழுந்துட்டா. அவளைக் கொத்தினது உங்க அம்மாதான்."

"அவளுக்குக் குஞ்சு இருக்கா?"

"தெரியலை. இருந்தாலும் இருக்கும்."

"அதுகிட்ட யாராவது சொன்னாங்களா மாமா? இல்லே அதுவும் தள்ளி உட்கார்ந்துக்கிட்டிருக்கா?"

தொண்டையன் மழைக்குள் அக்கரைப் பக்கம் பார்த்தான்.

பிறகுதான் கடுகு அழுதாள். அத்தனை நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். "அழாதே" என்று தொண்டையன் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. அவனும் அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு முள்ளி முன்னால் வந்தாள். எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்றாளோ, அவள் முகமும் நனைந்திருந்தது. மழையா கண்ணீரா என்று யார் கண்டது?

"கிட்ட வரட்டுமாடி?" என்று கேட்டாள். கொத்துப் பட்டாலும் பரவாயில்லை என்றுதான் கேட்டாள்.

கடுகு கொத்தவில்லை.

முள்ளி காற்று வரும் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தர், அவருக்குப் பின்னால் ஒருத்தர் என்று மொத்தக் கூட்டமும் அந்த நுனிக்கிளைக்கே நகர்ந்து வந்தது. கிளை வளைந்தது. "மெதுவாய்யா, மெதுவா! முறிச்சுடாதீங்க!" என்று யாரோ கத்த, வழக்கம்போல எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். கடைசியாகத் துவரை வந்தது. கடுகுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றது. ஒரு தும்மல் போட்டது.

கடுகு மூக்கை உறிஞ்சினாள்.

"நனையுறே பாரு. வா, இங்கே வந்து உட்காரு."

"அம்மா இடமாச்சே?"

"அம்மா இருந்திருந்தா உன்னை நனைய விடுவாளா? வா."

துவரை வந்து ஒட்டிக்கொண்டது. காற்று அந்தக் கிளையைச் சுற்றிச் சுற்றி வந்தது. நுழைய வழி கிடைக்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் தொண்டையன் ஓடையின் நடுப்பாறையில் போய் உட்கார்ந்தான். கூடவே கடுகு. அக்கரையில் குஞ்சுகள் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. இவர்கள் இருவரையும் கண்டதும் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"எதுக்குடா வந்தே?"

"சண்டைக்கு வரலைய்யா!" என்றான் தொண்டையன். "கள்ளிப் புதருக்குக் கீழே விழுந்தாளே உங்க வீட்டுப் பொண்ணு, அவளுக்குப் பிள்ளை உண்டா?"

சிலிர்த்த இறகுகள் தணிந்தன. கூட்டத்தின் பின்னால், எல்லாரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு குஞ்சு தலையைத் தூக்கிப் பார்த்தது. கடுகு அதைப் பார்த்துவிட்டாள். யாரையும் கேட்காமல் தத்தித் தத்திப் பாறையைத் தாண்டி அக்கரைக்குப் போனாள். பெரியவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் வழி விட்டார்கள். அவள் போய் அந்தக் குஞ்சுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒரு சண்டைக் கதை தெரியுமா?" என்று கேட்டாள். "கடைசியில அழுகை வரும். நான் இங்கேயே இருக்கேன், பயப்படாதே."

சண்டைக் கதையின் முடிவு துக்கமானது என்றால் அதைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் கூடாது, சொல்லிவிட்டு எழுந்து போகவும் கூடாது.