வண்டியின் வயிற்றில் புகுந்த சிரிப்பு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போது கிடைக்காது. பாதியில் கையை நீட்டினாலும் கிடைக்காது. கதையில் வருகிற பெட்ரோலே அதை அடக்கிக்கொண்டு வயிறு வலிக்க உட்கார்ந்திருக்கிறான். கேட்கிறவர்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

அந்தக் காலத்தில் இரும்புக்கும் எண்ணெய்க்கும் வாய் இருந்தது. கொல்லர் வைரப்பனின் பட்டறையில் துருத்தி மூச்சு வாங்கிக்கொண்டே ஊர்வம்பு பேசும். சுத்தியல் அடி வாங்கிக்கொண்டே பட்டடைக்கல் 'ம்' கொட்டும். அந்தப் பட்டறை வாசலில், வெயிலில், ஒரு தகர டின்னுக்குள் இருந்தான் பெட்ரோல்.

அவனும் மண்ணெண்ணெயும் கூடப்பிறந்தவர்கள். பூமிக்கடியிலிருந்து வந்த கறுப்பு எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் முதலில் குதித்து வெளியே வருவது அவன். நிதானமாகப் பின்னால் வருவது மண்ணெண்ணெய். பின்னால் வந்தாலும் அடக்கத்தில் அவள்தான் அக்கா. ஊரெல்லாம் அக்காவைத்தான் கூப்பிட்டது. வீட்டுக்கு வீடு விளக்கில் உட்கார்ந்து அடக்கமாக எரிவாள். இவனையும் ஒருநாள் விளக்கில் ஊற்றிப் பார்த்தார்கள். இவனுக்கோ நெருப்பைக் கண்டாலே சிரிப்பு. 'குபீர்' என்று ஒரு சிரிப்பு சிரித்தான். கண்ணாடி ஒரு பக்கம், திரி ஒரு பக்கம், விளக்கேற்றியவரின் புருவம் இன்னொரு பக்கம் போயிற்று.

அதோடு சரி. துணியில் கறை எடுக்கவும், பட்டறைக்காரர்கள் கைப்பிசுக்குக் கழுவவும்தான் அவனைத் தொட்டார்கள். மிச்சத்தைக் குழியில் கொட்டிவிடுவார்கள்.

ஆனால் ஒரு வித்தை அவனுக்கு உண்டு. டின்னின் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆவியாகி வெளியே நழுவுவான். யார் காதோரமாவது போய் உட்கார்ந்து அவர்கள் குரலைத் திருடிக்கொண்டு வருவான். துருத்தியின் குரலில் பட்டடைக்கல்லைத் திட்டுவான். பட்டடைக்கல்லின் குரலில் துருத்தியைத் திட்டுவான். இரண்டும் முட்டிக்கொள்வதைப் பார்த்து டின்னுக்குள் உருளுவான்.

அன்று காலை மட்டும் அவன் உருளவில்லை. கொல்லரின் மனைவி மாணிக்கத்தாய் போகிறபோக்கில் சொல்லிவிட்டாள்: "என்னங்க, பூசை முடிஞ்ச கையோட இந்தக் கருமத்தைக் குழியில கொட்டிட்டு டின்னை அலசிக் குடுங்க. புளி போட்டு வைக்கணும்."

புளி! பெட்ரோலுக்கு ஆவியே நின்றுவிட்டது.

பூசை யாருக்கு என்றால், வைரப்பன் புதிதாகச் செய்து பட்டறைக்குள் நிறுத்தியிருந்த வண்டிக்கு. மாடு இல்லை, குதிரை இல்லை, தானே ஓடப்போகிற வண்டி. நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி மாலை. முன்சக்கரத்தின் அடியில் ஓர் எலுமிச்சம்பழம். உச்சிப்பொழுது வரைக்கும்தான் நல்ல நேரம். அதற்குள் சக்கரம் ஏறிப் பழம் நசுங்க வேண்டும்.

"நசுங்கலைன்னா அது ராசியில்லாத வண்டி. பிரிச்சு நாலு கடப்பாரை அடிச்சுடுங்க" என்றாள் மாணிக்கத்தாய்.

அதைக் கேட்டதும் வண்டி நடுங்கியது. ஆனாலும் ஜம்பம் குறையவில்லை. "எனக்குத் தக்க ஆளாப் பார்த்து வயித்துல ஊத்துங்க" என்றது.

முதலில் நீராவித் தாத்தா வந்தார். "இருப்பா... கொதிக்கட்டும்... அவசரப்பட்டா ஆகுமா..." என்று அவர் இருமி முடிப்பதற்குள் பாதி நல்ல நேரம் போய்விட்டது. கொதித்ததும் சக்கரம் ஒரு விரற்கடை அசைந்தது. "தாகமா இருக்கு. ரெண்டு குடம் தண்ணி கொண்டா" என்று இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து மின்சாரம், பெட்டி படுக்கையோடு வந்தார். அவரைத் தூக்கி வைத்ததில் வண்டியின் அச்சு முனகியது. "கனமா இருக்கேனா? அதான் எனக்கும் அசதி. வண்டியெல்லாம் இழுக்க முடியாது. ஒரு பொறி தட்டச் சொன்னா தட்டுறேன்" என்று வண்டியிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

பெட்ரோல் வாசலிலிருந்து தன் சொந்தக் குரலில் கூப்பிட்டான். "அண்ணே! நான் வரட்டுமா?"

வண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கைகழுவுற தண்ணியையா நான் குடிப்பேன்? மண்ணெண்ணெய் அக்காவைக் கூப்பிடுங்க. அவங்கதான் கௌரவம்."

அக்கா வந்தாள். "வர்றேன் தம்பி. ஆனா முதல்ல என்னைச் சூடு பண்ணணும். குளிர்ச்சியா இருந்தா எனக்கு எழுந்திருக்கவே வராது." வைரப்பன் அவளுடைய டின்னை உள்ளே அடுப்பங்கரை ஓரமாக வைத்தார். இதமான சூட்டில் அக்கா நன்றாகத் தூங்கிப்போனாள்.

நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொண்டே வந்தது. வைரப்பன் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். அப்போதுதான் வாசல் பக்கமிருந்து அக்காவின் குரல், அதே அடக்கம், அதே இழுவை: "தம்ம்பி... நான் சூடாகிட்டேன்ப்பா. உன் வீட்டுக்காரி என்னை இங்கே வாசல் வெயில்ல கொண்டாந்து வச்சுட்டா. வந்து தூக்கு."

வைரப்பன் ஓடினார். டின்னைத் தொட்டார். காலையிலிருந்து வெயிலில் கிடந்த டின் நல்ல சூடு! முகர்ந்து பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். மூன்று நாளாக உலைப்புகையில் நின்றவருக்கு மூக்கு எங்கே வேலை செய்தது? தூக்கிக்கொண்டு வந்து புனலை வைத்தார்.

"அக்காதானே?" என்று வண்டி சந்தேகமாகக் கேட்டது.

"பின்னே யாரு? சாயங்காலம் நாலு வீட்டுல விளக்கு வைக்கப் போகணும். சட்டுனு வாயைத் திற, கண்ணு."

'கண்ணு' என்றதும் வண்டி உருகிப்போய் வாயைத் திறந்தது. பெட்ரோல் மடமடவென்று உள்ளே இறங்கினான்.

இறங்கியதும் பார்த்தால், எதிரே மாணிக்கத்தாய் கற்பூரத் தட்டோடு வருகிறாள்! நெருப்பு! பெட்ரோலுக்குத் தொண்டை வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது சிரித்தால் வண்டியும் இல்லை, பட்டறையும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நீராவித் தாத்தாவின் குரலை எடுத்தான்: "தாயே... கற்பூரத்தை வாசலோட நிறுத்திக்கோம்மா... புகை எனக்கு ஆகாது..."

"பெரியவர் சொல்லிட்டார்" என்று அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். 'நான் எங்கே சொன்னேன்?' என்று தாத்தா வாய் திறப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

வைரப்பன் கைப்பிடியைச் சுழற்றினார். மின்சாரம் ஒரு கண்ணைத் திறந்து, சொன்னபடி, ஒரு பொறி தட்டினார். அந்தப் பொறி உள்ளே போய், இண்டு இடுக்கில்லாத இரும்பு அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவனின் விலாவில் கிச்சுகிச்சு மூட்டியது.

இதோ, அந்தச் சிரிப்பு.

டுப்! டுப்! டுப்டுப்டுப்டுபுடுபுடுபு!

ஒரு சிரிப்புக்கு அந்த அறைக்குள்ளிருந்த பிஸ்டன் ஒருமுறை பின்னால் போயிற்று. மறு சிரிப்புக்கு மறுமுறை. சக்கரம் சுழன்றது. எலுமிச்சம்பழம் 'பச்சக்' என்று நசுங்கி மாணிக்கத்தாயின் சேலையில் தெறித்தது. அவள் கற்பூரத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். மாலை பறக்க, சந்தனம் உதிர, வண்டி தெருக்கோடி வரைக்கும் போய், அரைவட்டம் அடித்துத் திரும்பிப் பட்டறைக்குள் பழைய இடத்துக்கே வந்து நின்றது. உள்ளே இன்னும் டுப்டுப்.

"பார்த்தீங்களா! அக்கா வயித்துல இருந்தா சும்மாவா! கௌரவம்னா இதுதான்!" என்று வண்டி கத்தியது.

அந்த நேரம் பார்த்து அடுப்பங்கரைக்குள்ளிருந்து ஒரு கொட்டாவியும் அடக்கமான குரலும் வந்தன. "தம்பி... இப்பத்தான் சூடாகியிருக்கேன். ஊத்தலாமா?"

வண்டியின் நான்கு சக்கரமும் அப்படியே விறைத்துப்போயின. அது அடுப்பங்கரையைப் பார்த்தது. பிறகு மெல்லத் தன் வயிற்றைப் பார்த்தது.

"அக்கா அங்கே இருந்தா... என் வயித்துக்குள்ளே யாரு?"

உள்ளேயிருந்து அச்சு அசல் வண்டியின் குரலிலேயே பதில் வந்தது: "கைகழுவுற தண்ணியையா நான் குடிப்பேன்?"

"அடப்பாவி!" என்றது வண்டி. துப்பிவிடலாம் என்றுதான் நினைத்தது. ஆனால் காலடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது, ஓடிய ஓட்டத்தின் ருசி இன்னும் சக்கரத்தில் இருந்தது. துப்பவில்லை.

அன்று முதல்தான் வண்டிகள் பெட்ரோலைக் குடித்து ஓடத் தொடங்கின. கிளப்பும்போதெல்லாம் ஒருமுறை உடம்பைக் குலுக்கி 'யாருடா உள்ளே?' என்று கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் அவை நகர்கின்றன.