உலகளந்தானுக்கு மோர்

மங்கலக்கோட்டையில் ராஜாவின் வாணிபப் பாடசாலை ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஆவணி மாதம் அதன் மாணவர்கள் அரசவையில் போட்டி போடுவார்கள். ஊரில் இதுவரை யாரும் செய்யாத ஒரு தொழிலை யோசித்து வந்து சபை நடுவே சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்குக் கிழக்கு வாசல் கடை ஓராண்டுக்குச் சொந்தம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதியில் ஒரு வரி இருந்தது. ஒருவர் தொழிலைச் சொன்னதும் மற்றவர்கள் எழுந்து அதன் குறைகளைச் சொல்லலாம். சபை கலையும்போது ஒரு குறையாவது தீராமல் நின்றால் அந்தத் தொழில் தோற்றது.

அப்புறம் என்ன? பிள்ளைகள் தொழிலை யோசிப்பதையே விட்டுவிட்டார்கள். அடுத்தவனை எப்படிக் கவிழ்ப்பது என்றே வருஷம் பூராவும் யோசித்தார்கள். வயலில் இருப்பவர்களுக்கு வீட்டுச் சோற்றைச் சூடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றான் ஒருவன். “வழியில் நாய் துரத்தினால்?” என்று கேட்டார்கள். பாவம், அவன் யோசித்து வாயைத் திறப்பதற்குள் மணியை அடித்து அனுப்பிவிட்டார்கள். இப்படியே மூன்று வருஷம் கடை பூட்டிக் கிடந்தது. உள்ளே வௌவால்கள் குடும்பம் நடத்தின.

மன்னர் கொற்றவேலுக்கு அலுத்துப்போனது. “இந்த வருஷமும் யாரும் ஜெயிக்காவிட்டால் பாடசாலையை மூடிவிட்டு அங்கே யானை கட்டுவேன். யானையாவது குறை சொல்லாது” என்றார். நடுவராக இருக்கும் பொறுப்பை அவைப் புலவர் குழைக்காதரிடம் கொடுத்தார். குழைக்காதர் எதற்கும் அவசரப்படாத மனிதர். விதி எழுதிய ஓலையை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

உச்சிப்பொழுதுக்குள் ஏழு தொழில்கள் மண்ணைக் கவ்வின. அதில் ஐந்தைக் கவிழ்த்தவன் உலகளந்தான். பேச எழுந்தால் தோள்துண்டை ஒரு முறை உதறிக்கொள்வான். அவனுடைய பன்னீர் மோர்த் தொழிலையும் மற்றவர்கள் விட்டுவைக்கவில்லை. “குளிர்ச்சியில் குடித்தவன் தூங்கிவிட்டால் அவன் வேலையை யார் பார்ப்பது?” என்றார்கள். அவனுக்கும் மணி அடித்தாயிற்று. நமக்கில்லாத கடை வேறு யாருக்கும் வேண்டாம் என்று அவன் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

கடைசியாக வந்தவள் தையல்நாயகி. பாடசாலையில் அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு. இன்று விட்டால் அந்தக் கடை அவளுக்கு என்றைக்கும் இல்லை.

“கோட்டைக்கு நாலு வாசல். எந்த வாசலிலும் ஒரு காசு கொடுத்துத் தாழங்குடை எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் எந்த வாசலில் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம்” என்றாள்.

உலகளந்தான் துண்டை உதறினான். “எடுத்தவன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டால்?”

தையல்நாயகி யோசிப்பதற்குள் காவலன் மணியைத் தூக்கினான்.

“பொறு” என்றார் குழைக்காதர். “சபை கலையும்போது குறை நின்றால்தான் தோல்வி என்று ஓலையில் இருக்கிறது. அரசர் இன்னும் எழுந்திருக்கவில்லையே. அம்மா, நீ உட்கார்ந்து எழுத்தாணியை எடு. தம்பி, உனக்கு நேரம் இருக்கிறது, ஒன்று விடாமல் சொல். யாரங்கே, தம்பிக்கு மோர் கொண்டுவாருங்கள். அவனுடைய பன்னீர் மோரே இருக்கட்டும்.”

ஆசனம் வந்தது. மோர் வந்தது. உலகளந்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

“வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றாயே, ரொம்பச் சரி” என்றார் குழைக்காதர். “இதைத் தடுக்க வழியே இல்லை, இல்லையா?”

“ஏன் இல்லை? குடை முழுக்க மஞ்சள் பூச வேண்டும். ஊருக்கே அடையாளம் தெரிகிற குடையை எவன் வீட்டில் ஒளிப்பான்? இதுகூடத் தெரியாமல் தொழில் செய்ய வந்துவிட்டாள்.”

தையல்நாயகி எழுதிக்கொண்டாள்.

“அடுத்த குறை?”

“காலையில் எல்லோரும் தெற்கே சந்தைக்குப் போவார்கள். குடையெல்லாம் தெற்கு வாசலில் குவிந்துவிடும். மற்ற வாசலில் ஒன்றும் இருக்காது.”

“அடடா. அப்படியானால் தொழில் போச்சு.”

“எதற்குப் போகிறது? சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு வண்டிகள் காலியாகத்தானே திரும்புகின்றன? அதில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதானே?”

இப்படியே போனது. காற்றில் குடை மடங்கும் என்றான், விளிம்பில் மூங்கில் வளையம் கட்டச் சொன்னான். மழையும் வெயிலும் இல்லாத நாளில் என்ன செய்வாள் என்று கேட்டான், பழுது பார்க்க அதைவிட நல்ல நாள் ஏது என்று தானே சலித்துக்கொண்டான். மூன்று செம்பு மோர் காலியானது. பதினேழு குறைகள் ஆயின. அவன் தூங்கவும் இல்லை.

“தம்பி, விடுபட்டது ஏதாவது உண்டா?” என்று கேட்டார் குழைக்காதர்.

“நான் பார்த்து ஒரு குறை விடுபடுமா, ஐயா?”

“படாது, படாது. சரி, நீ சொன்ன பரிகாரங்களில் ஏதாவது கோளாறு?”

உலகளந்தான் எழுந்தே நின்றுவிட்டான். “என் யோசனையில் கோளாறா? சொல்பவன் முன்னால் வரட்டும்.”

பின்வரிசையில் எழப் போன இருவர் மறுபடி உட்கார்ந்தார்கள்.

குழைக்காதர் மன்னர் பக்கம் திரும்பினார். “அரசே, குறை பதினேழு, தீர்வும் பதினேழு. இனிமேல் குறையே இல்லை என்று இந்தக் கோட்டையிலேயே பெரிய குறைக்காரர் சான்று சொல்லிவிட்டார். தாங்கள் எழுந்தருளலாம்.”

மன்னர் எழுந்தார். சபை கலைந்தது. அப்போதுதான் உலகளந்தானுக்கு விஷயம் உறைத்தது. முகம் சுண்டிப்போய் நின்றான். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதருக்கும், கடைச் சாவியைத் தையல்நாயகிக்கும் கொடுத்தார்.

தையல்நாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நல்ல பெண். “அண்ணா, மஞ்சள் யோசனை உங்களுடையது. கடை வாசலில் உங்கள் மோர்ப் பானைக்கும் இடம் தருகிறேன்” என்றாள்.

உலகளந்தானின் முகம் மலர்ந்தது. ஆனால் பழக்கம் விடுமா? துண்டை உதறிக்கொண்டான்.

“இடம் சரிதான். ஆனால் அதில் ஒரு குறை...”

“யாரங்கே” என்றார் மன்னர், “தம்பிக்கு மோர்.”

உலகளந்தான் வாயை மூடிக்கொண்டான்.