ஒரு கரண்டி எண்ணெய்

"எனக்கு மறக்கணும் அம்மா. எப்படியாவது மறக்க வையுங்க."

மலையடி மடத்துக்கு வந்ததும் வராததுமாகக் கோமளவல்லி கேட்டது இதைத்தான்.

முதல் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். இரண்டாவது, கைக்குழந்தை. இவனைத் தூக்கினால் மூத்தவன் முகம் வந்து நிற்கிறது. பால் கொடுக்கும் நேரம் போக இவனைத் தொடவே அவளுக்குப் பயம்.

குரு செல்லம்மை அவளைவிட இளையவர். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முற்றத்தில் இடுப்பு உயரத்துக்கு நின்ற சாமிக்கல்லைக் காட்டினார். உருண்டையான, மொழுமொழுவென்ற கல்.

"தினமும் அதோட உச்சியில ஒரு கரண்டி எண்ணெய் ஊத்து. கையால தடவக் கூடாது. அடி வரைக்கும் இடைவெளி இல்லாம நனையணும். நனைஞ்சதும் வந்து கேளு."

இவ்வளவுதானா என்று ஊற்றினாள்.

எண்ணெய் நாலைந்து கோடாகப் பிரிந்து விறுவிறுவென்று இறங்கி மண்ணில் போய்ச் சேர்ந்தது. கோடுகளுக்கு நடுவே கல் வறண்டு கிடந்தது.

மறுநாளும் அதே கதை. மெதுவாக ஊற்றிப் பார்த்தாள். எண்ணெயைச் சுடவைத்துக்கூட ஊற்றினாள். கோடு கோடாகத்தான் ஓடியது.

"இந்தக் கல்லுக்கு என் மேல என்னதான் கோபம்?"

"கல்லுக்கா? அதுக்கு உன்னை யாருன்னே தெரியாது."

"சிரிக்காதீங்க அம்மா, எரிச்சலா வருது. இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா?"

"ஊத்தினா கரண்டியைப் பிடுங்கிடுவேன்."

செல்லம்மை குழந்தையோடு எழுந்து வந்தார். கல்லைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"என்னடி, சீயக்காய் வாசனை?"

"தினமும் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் ஊத்துறேன். நேத்துப் பிசுக்கு மேலயே ஊத்தலாமா? சாமியாச்சே."

"கழுவச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"விடிஞ்சா பரக் பரக்குன்னு ஒரு சத்தம். நீ ஏதோ சட்டி தேய்க்கிறியாக்கும்னு இருந்தேன்!" குரு தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே கழுவாதே."

கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுவாமல் விட்டாள். நாளாக நாளாகக் கோடுகள் அகன்றன. பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டன.

ஒரு காலை, எண்ணெய் பிரியவே இல்லை. பழைய பிசுக்கின் மேலேயே மெல்லிய துணி நழுவுவதுபோல் ஒரே விரிப்பாக இறங்கியது. கல் முழுக்க மின்னியது.

"நனைஞ்சிடுச்சு அம்மா! இப்பவாவது சொல்லுங்க. எப்படி மறக்கிறது?"

"இன்னுமா அதையே கேக்குறே?"

செல்லம்மை குழந்தையை அவள் கையில் திணித்தார். கோமளவல்லி அவன் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.

"மூத்தவன் பேரென்ன?"

அவன் போன நாளிலிருந்து அவள் வாய் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

"பரிதி" என்று முணுமுணுத்தாள்.

"சத்தமாச் சொல்லு. தம்பிக்குக் கேக்கட்டும்."