மாவடு கடித்தவர் இலை

முன்னொரு காலத்தில் ஆலங்கரை நாட்டை மகுடவேலன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் சிரித்தால் மாலையில் சீறுவான். கடைசியாக யார் காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அரண்மனை யானை மிரண்டதில் பாகன் கொன்றையனுக்கு இரண்டு காலும் நசுங்கிப்போயின. உழைக்க முடியாதவர்களுக்குத் தரும் அரண்மனை நெல்லைக் கேட்டு, தை மாதம் மனுக் கொடுத்தான். நெல்லுக்கு அதிகாரி திருமேனியார். மந்திரி வெண்காடரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். மந்திரி பரிந்து பேசிய மனு என்பதாலேயே ஆடி வரை இழுத்தடித்தார். அப்புறம் சபையில் போட்டு உடைத்தார்.

"மகாராஜா, மோசடி! இவன் உட்கார்ந்தபடியே விளக்குமாறு கட்டி விற்கிறான்!"

ராஜா கொன்றையன் பக்கம் திரும்பினான். "விற்றாயா?"

"வித்தேன் சாமி. நெல்லு வர்ற வரைக்கும் புள்ளைங்க வாயில என்னத்தப் போடுறது?"

"அப்படியானால் உழைக்க முடிகிறதே! நெல் கிடையாது, போ!"

யானை மிதித்தவனை ராஜாவும் மிதித்தாயிற்று. கொன்றையன் கையை ஊன்றித் தவழ்ந்து வெளியே போனான்.

வெண்காடர் திருமேனியாரிடம் கேட்டார்: "கொஞ்சம் கிடைத்தாலும் கிடைத்ததுதான், இல்லையா?"

"அதிலென்ன சந்தேகம்!" என்றார் திருமேனியார்.

மத்தியானம் அரண்மனையில் விருந்து. இலையில் உப்பும் மாவடுவும் வைத்தாயிற்று, சோற்றைக் காணோம். பசி தாங்காமல் திருமேனியார் மாவடுவை ஒரு கடி கடித்தார். உடனே வெண்காடர் கைதட்ட, பரிசாரகன் வந்து திருமேனியார் இலையைச் சுருட்டி எடுத்துவிட்டான்.

பந்தியில் உட்கார்ந்தவர் இலையை எடுப்பதாவது!

"ஐயோ, என் இலை!"

"நீங்கள்தான் சாப்பிட்டாயிற்றே."

"மாவடு கடித்தால் சாப்பாடா? சோறு வரும் வரைக்கும் பசி தாங்க ஒரு கடி கடித்தேன், ஐயா!"

"கொன்றையனும் அதைத்தானே சொன்னான்" என்றார் வெண்காடர்.

ராஜா தன் இலையைக் குனிந்து பார்த்தான். அங்கேயும் பாதி கடித்த மாவடு கிடந்தது.

"நானா அவனை விரட்டினேன்?" என்றான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டான். "திருமேனியாரே, தையிலிருந்து சேரவேண்டிய நெல்லை நீரே சுமந்துபோய்க் கொடும். அவன் விளக்குமாறும் கட்டட்டும். திரும்பி வந்த பிறகுதான் உமக்கு இலை!"

ஆடி வரை நகராத நெல், பாயசம் ஆறுவதற்குள் கொன்றையன் வாசலில் இறங்கியது. மூச்சிரைக்க நின்ற திருமேனியாரைப் பார்த்துக் கொன்றையன் பதறிப்போனான்.

"என்ன சாமி, நீங்களே தூக்கிட்டு வந்தீங்க! சாப்டீங்களா?"