புன்னைமரத்து ஓதக்கணக்கு

தீவு மடத்தில் சீடர் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். கரையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

சீடர் பெயர் அம்பலவாணர். நாற்பது வருஷம் பஞ்சாங்கம் கணித்தவர். கிரகணத்தை நாழிகை பிசகாமல் சொல்லி மூன்று ஊர்க் கோயில்களில் பரிவட்டம் வாங்கியவர். குரு ராக்கம்மை. சிப்பி பொறுக்குகிறவர் வீட்டில் பிறந்தவள். பழைய சாமியாருக்குக் கஞ்சி சுமந்து வந்தவள், அவர் அடங்கிய பிறகு அவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, யாரும் எழுந்திருக்கவும் சொல்லவில்லை.

"நான் சீடன். என்னை நீ என்றே கூப்பிடுங்கள், அம்மா" என்றார் அம்பலவாணர், வந்த அன்றைக்கே.

"ஆகட்டும், ஐயா. உக்காருங்க" என்றாள் ராக்கம்மை.

அந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

மடத்துக்கும் கரைக்கும் நடுவே கால் மைல் கடல். நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். வற்றிக் கிடக்கும் ஐந்து நாழிகையில் முழங்கால் ஆழம்தான். அந்த நேரம் பார்த்துக் கரைப் பெண்கள் நடந்தே தீவுக்கு வந்து, சுண்ணாம்புச் சூளைக்குச் சிப்பி பொறுக்கிக்கொண்டு, ஓதம் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள்.

அவர்களுக்குத் தலைவி நம்புத்தாயி. தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வெற்றிலை போடுவாள். அவள் மென்று துப்பும்வரை யாரும் இறங்கக் கூடாது. துப்பிவிட்டுக் குச்சியைப் பார்ப்பாள். தண்ணீர் குச்சியைவிட்டு விலகியிருந்தால் கூடையைத் தலையில் வைப்பாள். இல்லையென்றால் இன்னொரு வெற்றிலை. சில நாள் நாலு வெற்றிலைகூட ஆகும்.

அம்பலவாணருக்கு இதைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை.

"அம்மா, இவர்களுக்கு நான் ஓதக்கணக்கு எழுதித் தரட்டுமா? எந்தத் தேதி எந்த நாழிகையில் வற்றும் என்று, ஒரு வருஷத்துக்கு."

"அப்படி எழுத முடியுமா?"

"சந்திரனை எழுத முடியும் என்றால் கடலையும் எழுதலாம்."

"தப்பு வராதே?"

"கிரகணமே தப்பியதில்லை."

"சரி, எழுதுங்க."

எழுதினார். கரையில் நிற்கும் புன்னைமரத்தில் ஏட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பெண்களைக் கூட்டி விளக்கமும் சொன்னார்.

"கடலைச் சந்திரன் இழுக்கிறான். அவன் தினமும் இரண்டு நாழிகை தாமதமாக வருகிறான். அதனால் ஓதமும் இரண்டு நாழிகை தள்ளிப்போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் அவனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பார்கள். அப்போது கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அட்டமியில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அதனால் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு."

"அதான் அட்டமியில தண்ணி சோம்பேறி மாப்பிள்ளை கணக்கா எந்திரிக்காமக் கெடக்கு" என்றாள் நம்புத்தாயி.

பெண்கள் சிரித்தார்கள். அம்பலவாணரும் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

ஏடு சொன்னபடியே கடல் நடந்தது. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. ஒரு நாள்கூடப் பிசகில்லை. ஆடிக்குள் நம்புத்தாயி குச்சி நடுவதை விட்டுவிட்டாள். வெற்றிலையை நடந்துகொண்டே போட்டாள். "எங்க பஞ்சாங்க சாமி கடலுக்கே நாள் குறிச்சுட்டாரு" என்று அடுத்த ஊரில் போய்ப் பெருமை பேசினார்கள். அது அம்பலவாணர் காதுக்கு வந்தது. வராமல் இருக்குமா? பெண்கள் இறங்கும் நேரத்துக்கு அவரும் கரைக்கு வந்து புன்னைமரத்தடியில் நிற்கத் தொடங்கினார். பார்வைக்கு அது சேவை மாதிரிதான் இருந்தது.

ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் வழக்கம்போல் பெண்கள் வந்தார்கள். நம்புத்தாயியின் மருமகள் பூமயில் முன்னால் நின்றாள். ஆள் குள்ளம், கெட்டிக்காரி. அவளுக்குத்தான் எப்போதும் முதல் கூடை நிறையும்.

நம்புத்தாயி கடலைப் பார்த்துவிட்டு அம்பலவாணர் பக்கம் திரும்பினாள்.

"சாமி, தண்ணி ஒரு மாதிரியா இருக்கு. ஒரு வெத்தலை நேரம் இருந்து பாக்கட்டுமா?"

எல்லாப் பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏடு அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"ஏட்டில் இருக்கிறது. இறங்குங்கள்" என்றார்.

இறங்கினார்கள். வற்ற வேண்டிய தண்ணீரை வாடை கரைப்பக்கமாகத் தள்ளி நிறுத்தி வைத்திருந்தது. பாதிக் கடலில் மற்றவர்களுக்கு மார்பளவு. பூமயிலுக்குக் கழுத்தளவு. அடுத்த அடியில் அவளைக் காணவில்லை. கூடை மட்டும் மிதந்துபோயிற்று.

தீவிலிருந்து ராக்கம்மை வத்தையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்தச் சின்னப் படகிலிருந்து குனிந்து, கூந்தலைப் பிடித்துப் பூமயிலைத் தூக்கினாள். மற்றவர்கள் கைகோத்துக் கரை ஏறினார்கள். அம்பலவாணருக்கு நீந்தத் தெரியாது. மரத்தடியில் நின்றது நின்றபடி நின்றார்.

நாலு நாள் பூமயிலுக்கு நினைவில்லை. அந்த நாலு நாளும் அவர் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். சரியாகவே வந்தது. தப்பாக வந்திருந்தால் தேவலையே என்று இருந்தது அவருக்கு. ஐந்தாம் நாள் அவள் கண் திறந்து கஞ்சி கேட்டாள் என்று செய்தி வந்தபோது, அறுபது வயது மனுஷர், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அன்றே கரைக்குப் போனார். பூமயிலின் கட்டிலருகே கைகூப்பி நின்றார். திட்டுவார்கள் என்று நினைத்தார். திட்டினால் நல்லது என்றும் நினைத்தார்.

"சாமி" என்றாள் பூமயில். குரல் இன்னும் தேறவில்லை. "நாளைக்கு எப்ப வத்தும்?"

"என்னிடமா கேட்கிறாய்?"

"வேற யாரைக் கேக்க? சூளையில ரெண்டு தடவை ஆள் விட்டுட்டாக. மத்தவளுகளுக்கும் அடுப்பெரியணும்ல."

"உன் மாமியார் இருக்கிறாளே?"

"அத்தை கடற்கரைக்கே வரமாட்டேங்குது, சாமி. எனக்குத் தண்ணி மறந்துபோச்சுங்குது. அன்னைக்குத் தண்ணியப் பாத்துத் தனக்குப் பட்டது நெசமா பிரமையான்னே தெரியலைன்னு சொல்லி அழுகுது."

அம்பலவாணர் வெளியே வந்தார். வீட்டு ஓரத்தில் நம்புத்தாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றதும் எழுந்து கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவரை அடித்துப் போட்டது.

மடத்துக்குத் திரும்பியதும் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு குருவின் முன் வந்தார்.

"நான் போகிறேன், அம்மா."

"போங்க. சாப்பிட்டுப் போங்க."

"ஏட்டை எரித்துவிடட்டுமா?"

"ஏடு என்ன தப்பு பண்ணுச்சு? அன்னைக்கும் சந்திரன் நேரத்துக்குத்தானே வந்தாரு."

"தெரிந்தும் ஏன் என்னைத் தடுக்கவில்லை? காற்று மாறியது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஐயா கரையில நிக்கிறாருல்ல, பாத்துக்கிருவாருன்னு இருந்துட்டேன். ஏடு வந்த பெறகு நானும் தண்ணியப் பாக்குறதைக் கொறைச்சுட்டேன், ஐயா. அது என் தப்பு. அதை நான் வச்சுக்கிறேன்."

அம்பலவாணர் மூட்டையைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு எப்போது வற்றும் என்று அந்தப் பெண் என்னிடமே கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?"

"அன்னைக்கு நம்புத்தாயி கேட்டாளே, அப்ப எதைப் பாத்துப் பதில் சொன்னீங்க?"

"ஏட்டை."

சொன்னவர் நிறுத்தினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர்.

"இல்லை. ஏடு எனக்குப் பின்னால் இருந்தது."

"கடலைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"பின்ன?"

"அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் முன்னால் என் கணக்கைச் சந்தேகப்படுகிறாளே என்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது."

"எப்படி இருந்துச்சு?"

அவர் கண்ணை மூடி அந்த முகத்தைப் பார்த்தார்.

"பயந்திருந்தாள்."

"நாப்பது வருசமா அந்தத் தண்ணியில நடக்குறவ" என்றாள் ராக்கம்மை. "எவ்வளவு ஆழம் நிக்குதுன்னு அவ மூஞ்சியிலேயே எழுதியிருந்துருக்கு. இவ்வளவு படிச்சவரு, ஐயா, அதை ஏன் படிக்காம விட்டீங்க?"